ஷிப்ட் வேலை வீடுகளில் பிள்ளைகளின் கோபம்: அடிக்காம, போன் கொடுக்காம சமாளிப்பது எப்படி?

அப்பாவுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட். அம்மாவுக்கு காலை ஷிப்ட். நடுவில் ஒரு பிள்ளை. ஓசூர் சிப்காட், மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடி, பாகலூர் ரோடு பக்கம் லைன் வீடுகளில் குடியிருக்கும் குடும்பங்களுக்கு இது வழக்கமான கதை. சாயங்காலம் அம்மா கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்த பத்தாவது நிமிஷம் பிள்ளை தட்டைத் தள்ளிவிடும், செருப்பைத் தூக்கி எறியும், தம்பியை அடிக்கும். "இந்த வயசுல இவ்வளவு கோபமா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு அடி விழும். இல்லைன்னா கையில் போன் வரும்.

ரெண்டுமே அந்த நேரத்துக்கு வேலை செய்யும். பிரச்னையே அதுதான்.

பிள்ளைகளின் கோபம் பற்றி கடந்த 90 வருஷத்தில் வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. கோபம் வெடித்த பிறகு பெரியவர்கள் செய்யக்கூடியது ரொம்பக் கொஞ்சம். வெடிப்பதற்கு முன்னாடி இருக்கும் மணி நேரங்களிலும், எல்லாம் அடங்கிய பிறகும்தான் நிஜமான வேலை இருக்கிறது. ரெண்டு பேரும் ஷிப்டில் ஓடும் வீட்டிலும் அதைச் செய்ய முடியும். எப்படி என்று பார்க்கலாம்.

கோபப்படுவதே தப்பா?

தப்பில்லை. ஆத்திசூடியின் இரண்டாவது வரியே சினத்தைப் பற்றியது, திருக்குறளில் வெகுளாமைக்கு தனி அதிகாரமே உண்டு. அதனாலோ என்னவோ, கோபம் என்றாலே கெட்ட குணம் என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கிறோம். ஆனால் கோபம் ஒரு உணர்வு. அடிப்பது, எறிவது, கடிப்பது எல்லாம் செயல். "கோபப்படாதே" என்று ஒரு குழந்தையிடம் சொல்வது "பசிக்காதே" என்று சொல்வது மாதிரி. "கோபம் வரலாம், ஆனா அடிக்கக் கூடாது" என்று சொன்னால் குழந்தைக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைக்கிறது.

ஒன்றரை வயதிலிருந்து நாலு வயது வரை தரையில் விழுந்து புரண்டு அழுவது சகஜம். பேச்சு முழுசாக வராத வயது அது. தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள உதவும் மூளையின் முன்பகுதி முழுசாக வளர்ந்து முடிய 20-களின் நடுப்பகுதி ஆகிவிடும். பெரியவர்களுக்கே கஷ்டமான ஒரு வேலையை அஞ்சு வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்க்கிறோம் என்பதை மனசில் வைத்துக்கொண்டால் பாதி எரிச்சல் குறையும்.

ஒரு நோட்டு போதும்

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் ஃபுளோரன்ஸ் குட்எனஃப் ஒரு எளிமையான காரியம் செய்தார். 45 குழந்தைகளின் பெற்றோரிடம் நோட்டு போடச் சொன்னார். குழந்தை எப்போ கோபப்பட்டது, அதுக்கு முன்னாடி என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, வீட்டில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று எழுதணும். மொத்தம் 1,878 கோப வெடிப்புகள் பதிவாயின. 1931-ல் அது புத்தகமாக வந்தது.

அதில் தெரிந்த முக்கியமான விஷயம், கோபம் கண்ட நேரத்தில் வருவதில்லை. சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி அதிகம். பிள்ளை களைத்துப் போயிருக்கும்போது அதிகம். உடம்பு சரியில்லாத நாட்களில் சின்ன விஷயத்துக்கும் வெடிக்கிறது.

கேட்டால் 'இது தெரியாதா' என்று தோன்றும். தெரியும்தான். ஆனால் யாரும் எழுதிப் பார்ப்பதில்லை. கம்பெனியில் ஒரு மெஷின் அடிக்கடி நின்றால் லாக் புக் எடுத்து, எந்த ஷிப்டில் நின்றது, அதுக்கு முன்னாடி என்ன மாற்றினார்கள் என்று ஒய்-ஒய் அனாலிசிஸ் போடுகிறார்கள். அதே ஆள் வீட்டுக்கு வந்து, "இவன் பொறந்ததுல இருந்தே இப்படித்தான்" என்று முடித்துவிடுகிறார்!

ரெண்டு வாரம் எழுதிப் பாருங்கள். நேரம், முன்னாடி நடந்தது, எத்தனை நிமிஷம், எப்படி அடங்கியது. நாலு விஷயம் போதும். அம்மா வீட்டில் இருக்கும்போது அம்மா, அப்பா இருக்கும்போது அப்பா. பாட்டி பார்த்துக்கொண்டால் பாட்டி சொல்லச் சொல்லி யாராவது எழுதலாம். ரெண்டு வாரத்தில் ஒரு நேரமோ ஒரு காரணமோ திரும்பத் திரும்ப வருவது பெரும்பாலும் கண்ணில் படும்.

பசி, தூக்கம், சத்தம்

அரசு தொடக்கப் பள்ளிகளில் 1 முதல் 5-ம் வகுப்பு வரை காலை உணவுத் திட்டம் இருக்கிறது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க விரிவாக்கப்பட்டது. மதியம் சத்துணவு. ஆனா மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா வந்து அடுப்பு பற்றவைக்கும் வரை பிள்ளையின் வயிற்றில் ஒன்றும் இருக்காது. நோட்டில் சாயங்காலம் அஞ்சிலிருந்து ஏழு வரை கோபம் குவிந்திருந்தால் முதலில் இதைச் சரிபண்ணிப் பாருங்கள். பெரிய செலவு வேண்டாம். கிருஷ்ணகிரி பக்கம் ராகிக்குப் பஞ்சமில்லை. ராகி உருண்டை, வேர்க்கடலை, வாழைப்பழம், எது இருக்கோ அது. வீட்டுக்கு வந்ததும் "ஹோம்வொர்க் என்ன?" என்ற கேள்விக்கு முன்னாடி இது போகணும்.

அடுத்து தூக்கம். 6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம் தூங்கணும், 3 முதல் 5 வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி பரிந்துரைக்கிறது. பி ஷிப்ட் முடிந்து அப்பா வீடு வந்து சேர ராத்திரி பதினொன்றரை ஆகும் வீட்டில், அவரைப் பார்க்கணும் என்று பிள்ளை முழித்திருக்கும். அப்பாவுக்கும் ஆசைதான். காலையில் ஆறரைக்கு எழுப்பி ஸ்கூல் வேனுக்குக் கிளப்பினால் தூக்கம் ஏழு மணி நேரம்கூட வராது. இது தினமும் நடந்தால் அந்தக் கடன் சாயங்காலம் கோபமாக வெளியே வரும். பி ஷிப்ட் வாரத்தில் ராத்திரிச் சந்திப்பை விட்டுவிட்டு, காலையில் பல் தேய்க்கும் நேரம், வேன் ஏறும் நேரத்தை அப்பா எடுத்துக்கொள்வது நல்லது. தூக்கம் கெடாமல் இருவரும் பேசிக்கொள்ள அதுதான் வாய்ப்பு.

நைட் ஷிப்ட் வாரத்தில் பிரச்னை வேறு மாதிரி. ஒற்றை ரூம் வீட்டில் அப்பா பகல் முழுக்கத் தூங்குவார். பிள்ளை காதில் விழும் ஒரே வாக்கியம், "சத்தம் போடாதே, அப்பா தூங்குறார்." பள்ளியிலும் சத்தம் போடக் கூடாது, வீட்டிலும் கூடாது. ஓடவும் கூடாது. நாலு மணி நேரம் அடக்கி வைத்த பிள்ளை ஒரு ரப்பர் காணோம் என்று கத்தும்போது அது ரப்பருக்கான கத்தல் இல்லை. நைட் ஷிப்ட் வாரத்தில் பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் வெளியே ஓடி ஆட ஒரு இடம் வேண்டும். மொட்டை மாடி, தெருமுனை, பக்கத்துக் காலி மனை, எதுவானாலும் கண்காணிக்க ஒரு ஆள் இருந்தால் போதும். லைன் வீட்டில் நாலு குடும்பம் முறை வைத்துப் பார்த்துக்கொண்டால் யாருக்கும் பாரம் இல்லை.

இன்னொரு சின்ன ஏற்பாடு. வாரா வாரம் மாறும் ஷிப்ட் பெரியவர்களுக்கே குழப்பம். நாளைக்கு எழுந்தால் வீட்டில் யார் இருப்பார்கள் என்பது பிள்ளைக்குத் தெரியாது. தினசரி காலண்டரில் கலர் பென்சிலால் குறித்து வையுங்கள். காலை ஷிப்ட் மஞ்சள், பி ஷிப்ட் பச்சை, நைட் நீலம், லீவு நாளுக்கு ஒரு பூ. படிக்கத் தெரியாத பிள்ளைகூட இதைப் பார்த்துப் புரிந்துகொள்ளும். ஓடி போட்டு நாள் மாறினால் பிள்ளை கையாலேயே கலரை மாற்றச் சொல்லுங்கள். "ஏன் சொல்லலை?" என்ற கோபம் பாதியாவது குறையும்.

ஷிப்ட் மாறும்போது கம்பெனியில் ஹேண்ட் ஓவர் கொடுக்காமல் யாரும் கிளம்புவதில்லை. வீட்டிலும் அப்படியே. சாப்பிட்டாச்சா, தூங்குச்சா, இன்னைக்கு ஏதாவது சண்டையா? வாசலில் நின்று சொல்ல அரை நிமிஷம் ஆகும். அம்மா முடியாது என்று சொன்ன சாக்லேட்டை, விஷயம் தெரியாத அப்பா வாங்கிக் கொடுப்பதும் இதனால் நிற்கும்.

50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்கணும் என்று 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம் சொன்னது. சின்னக் குழந்தை உள்ள அம்மாக்கள் எச்ஆரிடம் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

அந்த அஞ்சு நிமிஷம்

எவ்வளவு முன்னேற்பாடு செய்தாலும் கோபம் வரத்தான் செய்யும். வந்தால்?

மைக்கேல் பொட்டேகல், ரிச்சர்ட் டேவிட்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒன்றரை வயது முதல் 5 வயது வரையிலான குழந்தைகளின் 335 கோப வெடிப்புகளை அலசி 2003-ல் வெளியிட்டார்கள். பெரும்பாலும் காணப்பட்ட நீளம் அரை நிமிஷத்திலிருந்து ஒரு நிமிஷம். நாலில் மூணு பங்கு அஞ்சு நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டன. கத்தல், உதைத்தல், எறிதல் எல்லாம் ஆரம்பத்திலேயே உச்சத்துக்குப் போய் இறங்க ஆரம்பிக்கின்றன. அழுகையும் ஆறுதல் தேடுவதும் அதையும் தாண்டி நிற்கின்றன. அதாவது, எதுவும் செய்யாமல் விட்டாலே பெரும்பாலும் அது தானாக இறங்கும். ஊடே புகுந்து நாம்தான் நீட்டுகிறோம்.

எப்படி நீட்டுகிறோம்? கேள்வி கேட்டு. "ஏன் இப்படிப் பண்றே? நேத்தும் இப்படித்தானே பண்ணே? உனக்கு அறிவில்லையா?" உச்சத்தில் இருக்கும் பிள்ளையால் இதில் ஒன்றைக்கூட உள்வாங்க முடியாது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது மூணே மூணு. எறியக்கூடியதை, உடையக்கூடியதை தள்ளி வைப்பது. தம்பி தங்கையை நகர்த்துவது. பிள்ளையின் உயரத்துக்கு உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் குறைவாகப் பேசுவது. "உனக்குக் கோபம். எனக்குத் தெரியுது. அடிக்க விடமாட்டேன். இங்கேயே இருக்கேன்." அவ்வளவுதான். கையை ஓங்கினால் கையைப் பிடித்துக்கொள்ளலாம், முறுக்கக் கூடாது. குரல் அழுகையாக மாறுவது தெரிந்ததும் மடியில் எடுத்துக்கொள்ளலாம், தண்ணீர் கொடுக்கலாம். "அழுதா மடியில எடுக்கக் கூடாது, செல்லம் ஆயிடும்" என்பது பழைய பயம். ஆறுதல் கொடுப்பதால் பிள்ளை கெட்டுப்போவதில்லை.

கெட்டுப்போவது வேறொரு இடத்தில். லைன் வீட்டில் சுவர் மெலிசு. "பக்கத்து வீட்டுல என்ன நினைப்பாங்க" என்ற கூச்சம் எல்லாருக்கும் உண்டு. அதனால் ஒன்றாவது நிமிஷத்தில் 'முடியாது' என்று சொன்னதை நாலாவது நிமிஷத்தில் கொடுத்துவிடுகிறோம். பிள்ளை அன்றைக்குக் கற்றுக்கொள்ளும் பாடம், இதன் விலை நாலு நிமிஷக் கத்தல். அடுத்த தடவை அஞ்சு நிமிஷம் கத்திப் பார்க்கும். பெற்றோரும் பிள்ளையும் மாறி மாறி குரலை உயர்த்தி ஒருவரை ஒருவர் பணிய வைக்கும் இந்தச் சுழற்சியை, அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் பல வருஷம் வீடு வீடாகப் பார்த்து விவரித்தார். நடைமுறையில் இதன் அர்த்தம், கொடுப்பதாக இருந்தால் கேட்டதுமே கொடுத்துவிடுங்கள். இல்லை என்றால் கடைசி வரை இல்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் கூச்சமும் போச்சு. அவங்க வீட்டிலும் இதே கதையாகத்தான் இருக்கும்.

ஒரு அடி போட்டா என்ன?

அடி விழுந்தால் சத்தம் நிற்கும். அது உண்மை. 2016-ல் எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ க்ரோகன்-கேலர் ஆகியோர் 75 ஆய்வுகளை, கிட்டத்தட்ட 1.61 லட்சம் குழந்தைகளின் தரவுகளோடு சேர்த்துப் பார்த்தார்கள். பின்புறத்தில் லேசாகத் தட்டும் வகை அடிகள் மட்டுமே கணக்கில் எடுக்கப்பட்டன. அப்படி அடி வாங்கிய பிள்ளைகளிடம் முரட்டுத்தனம் உள்பட பல பிரச்னைகள் அதிகமாகவே காணப்பட்டன, குறையவில்லை. பள்ளிக்கூடங்களைப் பொறுத்தவரை சட்டமே தெளிவாக இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 17-வது பிரிவு உடல் ரீதியான தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது.

வீட்டில் அடிப்பவர்கள் எல்லாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. எட்டு மணி நேரம் நின்ற கால், அதுக்கு மேல் ரெண்டு மணி நேரம் ஓடி, சூப்பர்வைசரிடம் வாங்கிய திட்டு, நெரிசலில் நின்ற பஸ். அந்தக் கோபத்தைக் காட்ட கம்பெனியில் இடமில்லை, வீட்டில் இருக்கும் சின்ன உருவத்தின் மேல் இறங்குகிறது. பிள்ளையின் கோபத்தைப் பற்றி எழுதும் எந்தக் கட்டுரையும் இதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. தெருமுனை டீக்கடையில் அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து, முகம் கழுவி, பிறகு வீட்டுக்குள் போவதை சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். "என்னால இப்ப முடியலை, நீ கொஞ்சம் பாரு" என்று வீட்டுக்காரரிடமோ வீட்டுக்காரியிடமோ சொல்லும் பழக்கம் இருந்தால் பல அடிகள் விழாமலே போகும். கை ஓங்கிவிட்டால், பிறகு பிள்ளையிடம் போய், "அப்பா அடிச்சது தப்பு. எனக்குக் கோபம் வந்துச்சு, அதை நான் வேற மாதிரி காட்டியிருக்கணும்" என்று சொல்லலாம். மரியாதை குறையாது. தப்பை எப்படிச் சரிசெய்வது என்று பிள்ளை நேரில் பார்க்கும்.

போன் கொடுத்தா அமைதியாயிடுதே?

ஆகும். ஜென்னி ராடெஸ்கி என்ற குழந்தை மருத்துவரின் குழு 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் உள்ள 422 குடும்பங்களைப் பின்தொடர்ந்தது. பிள்ளையை அமைதிப்படுத்த அடிக்கடி போன் கொடுத்த வீடுகளில், சில மாதங்கள் கழித்து பிள்ளைகளின் உணர்ச்சி வேகம் கூடுதலாக இருந்தது. ஆண் பிள்ளைகளிடம் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. தானாக இறங்கக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பை ஒவ்வொரு தடவையும் போன் எடுத்துக்கொள்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

ரெண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் போனே கூடாது என்பது நடக்காத காரியம். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் கொடுத்திருக்கும் அளவு, 2 வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியோடு வீடியோ கால் மட்டும் பரவாயில்லை. 2 முதல் 5 வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. 5 முதல் 10 வயது வரை ரெண்டு மணி நேரத்துக்குள். அந்த நேரத்தை நாளின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வைத்துவிடுங்கள். சமைக்கும் நேரம் என்றால் சமைக்கும் நேரம். கோபத்துக்கு மருந்தாக மட்டும் கொடுக்க வேண்டாம். திருப்பி வாங்கும்போது வெடிக்கும் பிள்ளைகளிடம் வெடுக்கென்று பிடுங்காமல், "இன்னும் ஒரு வீடியோ, அப்புறம் அம்மா கையில கொடுத்துடணும்" என்று முன்னாடியே சொல்வது உதவும்.

கத்தித் தீர்க்கட்டும், தலையணையைக் குத்தட்டும்?

இது பரவலாக இருக்கும் நம்பிக்கை. உள்ளே இருப்பது வெளியே போனால் அடங்கிவிடும் என்று. பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002-ல் வெளியிட்ட சோதனையில், தன்னைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டு குத்துப் பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள். 2024-ல் அவரும் சோஃபி க்யார்விக்கும் 154 ஆய்வுகளைத் தொகுத்தபோதும் முடிவு மாறவில்லை. உடம்பின் படபடப்பைக் குறைக்கும் வழிகள்தான் கோபத்தைக் குறைத்தன. மெதுவான மூச்சு, தசைகளைத் தளர்த்துவது போன்றவை.

குழந்தைக்கு மூச்சுப் பயிற்சி என்று சொன்னால் ஓடிவிடும். ஓசூர் ரோஜாவுக்குப் பேர் போன ஊர். "ரோஜாவை மோந்து பாரு" என்றால் மூக்கால் மெதுவாக இழுக்கும். "சூடான பாலை ஊது" என்றால் வாயால் மெதுவாக விடும். அஞ்சு தடவை. ஆனால் முதல் தடவையாக இதைக் கோபத்தின் நடுவில் சொன்னால் உங்கள் மூஞ்சியில் ஊதும்! சிரிப்பாக இருக்கும் நேரத்தில், தினமும் படுக்கப் போகும்போது, விளையாட்டாகப் பழக்கணும்.

இதையே யேல் பல்கலைக்கழக உளவியலாளர் ஆலன் காஸ்டின் பெற்றோருக்கான பயிற்சியில் இன்னும் ஒரு படி கொண்டுபோனார். பிள்ளை நல்ல மனநிலையில் இருக்கும்போது "பொய்க் கோபம்" விளையாட்டு. "நான் இப்போ முடியாதுன்னு சொல்வேன். நீ கோபப்படணும், ஆனா எறியக் கூடாது, அடிக்கக் கூடாது. பார்க்கலாமா?" பிள்ளை காலை மட்டும் உதறிக் காட்டும். உடனே, "அட, கையை ஓங்கவே இல்லையே!" என்று எதைச் சரியாகச் செய்தது என்று சொல்லிப் பாராட்டணும். தினமும் ஒன்று ரெண்டு தடவை, சில வாரங்கள். நிஜக் கோபம் வரும்போது பழகிய கை கொஞ்சம் தயங்கும். சாதாரண நாளில் 'நல்லா இருந்தே' என்று சொல்ல மறந்துவிட்டு, தப்புப் பண்ணும்போது மட்டும் முழுக் கவனத்தையும் கொடுக்கும் வீட்டில் இந்த ஒரு மாற்றமே பெரிசு.

எந்த மொழியில் கோபப்படுவது?

ஓசூரில் இது நிஜமான கேள்வி. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று வளரும் பிள்ளைகள் இங்கே நிறைய. பீகார், ஒடிசாவிலிருந்து பெற்றோரோடு வந்த பிள்ளைகளுக்கு மூணுமே புதுசு. கேலி செய்யப்படும்போது பதில் சொல்ல வாயில் வார்த்தை வராத பிள்ளைக்குக் கை முதலில் வரும்.

உணர்வுக்குப் பேர் வைத்தால் அதன் வேகம் குறைகிறது என்பதை 2007-ல் மேத்யூ லீபர்மன் குழு மூளை ஸ்கேன் வைத்துப் பெரியவர்களிடம் பார்த்தது. கோப முகத்தைப் பார்த்து 'கோபம்' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, பயத்தோடும் கோபத்தோடும் தொடர்புள்ள அமிக்டலா பகுதியின் செயல்பாடு குறைந்தது. பிள்ளைகளுக்கு அந்தச் சொற்களைப் பெரியவர்கள்தான் எடுத்துக் கொடுக்கணும். தமிழில் கோபம், கன்னடத்தில் சிட்டு, இந்தியிலும் உருதுவிலும் குஸ்ஸா. பிள்ளை எந்த மொழியில் அழுகிறதோ அந்த மொழியில் கேட்பது நல்லது. அதோடு 'கோபம்' என்ற ஒரே சொல்லில் நிறுத்தவும் வேண்டாம். எரிச்சல், ஏமாற்றம், பொறாமை, அவமானம், பயம் எல்லாமே பிள்ளைகளிடம் கோப வேஷத்தில்தான் வரும். "தம்பிக்கு மட்டும் வாங்கினோம்னு ஏமாற்றமா இருக்கா?" என்று கேட்டால் பிள்ளை ஆமாம், இல்லை என்றாவது தலையாட்டும். அங்கிருந்து பேச்சு ஆரம்பிக்கலாம்.

வளர்ந்த பிள்ளைகள் என்றால்

2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் 8-ம் வகுப்பு மாணவன் சக மாணவனை வகுப்பறையிலேயே அரிவாளால் வெட்டியதும், தடுக்கப் போன ஆசிரியை காயமடைந்ததும் நினைவிருக்கும். பென்சில் தொடர்பாக முன்பு ஏற்பட்ட தகராறு காரணம் என்று அப்போது போலீஸ் தரப்பில் சொல்லப்பட்டது. ஒரு சம்பவத்தை வைத்து எல்லாப் பிள்ளைகளையும் எடை போட முடியாது. ஆனால் அடங்கிப் போன மாதிரி தெரியும் சண்டை உள்ளே தொடர்ந்து கொண்டிருக்கலாம் என்பதற்கு அது உதாரணம். வளர்ந்த பிள்ளை தரையில் புரளாது. பேச்சைக் குறைக்கும், கதவைச் சாத்தும், ஒரே ஆளைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசும். "அவனோட சண்டை முடிஞ்சுதா?" என்று ஒரு வாரம் கழித்து, திட்டும் தொனி இல்லாமல் கேட்பது முக்கியம். எதிரெதிரே உட்கார வைத்துக் கேட்டால் வாய் திறக்காது. பைக்கில் பின்னாடி உட்கார்ந்து போகும்போது, காய் நறுக்கும்போது பேச்சு தானாக வரும்.

வீட்டில் சொல்ல முடியாததைச் சொல்ல அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

எப்போ டாக்டரைப் பார்க்கணும்?

3 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்கு ஆண்டி பெல்டன், ஜோன் லூபி ஆகியோரின் குழு 2008-ல் சில அடையாளங்களைச் சொன்னது. பாதிக்கு மேற்பட்ட வெடிப்புகளில் ஆட்களையோ பொருட்களையோ தாக்குவது. தன்னைத்தானே கடிப்பது, தலையைச் சுவரில் மோதுவது. ஒரே நாளில் அஞ்சு தடவைக்கு மேல் என்பது பல நாள் தொடர்வது. சராசரியாக 25 நிமிஷத்துக்கு மேல் நீடிப்பது. யாராவது வந்து அடக்காமல் தானாக அடங்கவே முடியாமல் போவது. இதில் ஏதாவது இருந்தால் காட்டிவிடுவது நல்லது. எந்த வயதானாலும், மிருகங்களை வதைப்பது, கூர்மையான பொருளை எடுப்பது, "செத்துடுவேன்" என்று சொல்வது எல்லாம் காத்திருக்கக் கூடாத விஷயங்கள். நல்லா இருந்த பிள்ளை திடீரென்று மாறினால், யாராவது அடிக்கிறார்களா, தொடக்கூடாத விதத்தில் தொடுகிறார்களா என்ற கோணத்திலும் பொறுமையாகக் கேட்கணும். அப்படி ஏதாவது தெரிந்தால் 1098 குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. கவனக்குறைவு, அதீத துறுதுறுப்பு, ஆட்டிசம், படிப்பதில் சிரமம், காது சரியாகக் கேட்காதது போன்றவையும் முதலில் கோபமாகத்தான் வெளியே தெரியலாம்.

மனநலத்துக்கான டெலி மானஸ் இலவச எண் 14416, 24 மணி நேரமும் இயங்கும். 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய சேவை இது. தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி என்று வேண்டிய மொழியில் பேசலாம், நைட் ஷிப்ட் இடைவேளையில்கூட. கிருஷ்ணகிரியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெங்களூருவின் நிம்ஹான்ஸ், எல்லையைத் தாண்டினால் சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அது அமைந்திருக்கும் சாலையின் பேரே ஓசூர் ரோடுதான், டெய்ரி சர்க்கிள் பக்கம். குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கு அங்கே தனித் துறை உண்டு.

பிள்ளையை முதல் தடவை அழைத்துப் போகும்போது "ஊசி போடுவாங்க" என்று பயமுறுத்த வேண்டாம், "பேசப் போறோம்" என்று சொன்னால் போதும். ரெண்டு வாரம் எழுதிய அந்த நோட்டையும் கையோடு எடுத்துட்டுப் போங்க. எப்போ, எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்று டாக்டர் கேட்கும் ஆரம்பக் கேள்விகளுக்கு பதில் அதிலேயே இருக்கும்.